ஸ்டீபன் அங்கிள் கோடு போட்ட வார்த்தைகள்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் என் முழுநேர உத்தியோகமே இதை மறைப்பதுதான். சாஃப்ட்வேர் வேலை, நடுவில் நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்வது. மீட்டிங்கில் யாராவது ஜோக் சொன்னால், மற்றவர்கள் சிரித்து அரை வினாடி கழித்து நானும் சிரிப்பேன். (அந்த அரை வினாடியைக் குறைக்க நான் பட்ட பாட்டை வேறு எதற்காவது பட்டிருந்தால் இந்நேரம் சொந்தக் கம்பெனி வைத்திருப்பேன்.) இப்படி மறைத்து மறைத்தே, செத்துப்போன ஒரு நல்ல மனிதரை ஆவியாக்கி, அவர் மனைவியை ஊர் நடுவே நிற்க வைத்த கதை இது. எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கதை முடிகிற இடத்தில் எனக்கு மட்டும் பின்கழுத்து கொஞ்சம் சில்லிடும்.

எனக்கு ஊர் திருப்பத்தூர் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பெங்களூருக்கு வந்த மூன்றாவது வருஷம் எங்கள் டீம் லீட் ஷில்பா மேடம் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்தார். கன்னடக்காரர், தங்கமான மனுஷி, எனக்காகத் தமிழில் பேச முயற்சி செய்வார்.

"வேலையில உங்கள ஏனும் குறை சொல்ல முடியாது. கிளையன்ட் கால் எடுக்கணும்னா மட்டும் வொக்காபுலரி சால்தில்ல, பத்தாது. தெனம் இங்கிலீஷ் பேப்பர் படிங்க. ஆறு மாசத்துல எல்லா சரி ஆகுத்தே."

பேப்பருக்கு நான் வெளியே போகவேண்டியதில்லை. நான் குடியிருந்தது காக்ஸ் டவுனில் ரோஸலின் ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். பழைய காலத்து ஓட்டு வீடு. பகலிலேயே உள்ளே லைட் போடவேண்டும். ஆன்ட்டியின் கணவர் ஸ்டீபன் அங்கிள், நான் குடிவருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் சூப்பரிண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டியில் செயலாளர். அவருடைய மூக்குக்கண்ணாடி, பிரம்பு நாற்காலி, படிக்கட்டுக் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கும் கறுப்புக் குடை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மனிதர் மட்டும்தான் இல்லை. (அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) அவர் பெயரில் வந்துகொண்டிருந்த இங்கிலீஷ் பேப்பரையும் ஆன்ட்டி நிறுத்தவில்லை.

ஆன்ட்டியிடம் போய்ப் பேசவே எனக்குப் பயம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, பின்னால் வாரிக் கட்டிய கொண்டை, கேட் பக்கம் நின்று தெருக்காரர்களிடம் பேசும்போது அளந்து எடுத்த இங்கிலீஷ். "ஓ, ஈஸ் இட்?" என்பார். "ஹவ் நைஸ்!" என்பார். துக்கச் செய்தியாக இருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "வாட் டு டூ!" என்பார். இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நிறைகுடம் தளும்பாது என்று முடிவு கட்டி, படிக்கட்டில் அவர் சத்தம் கேட்டால் இரண்டு நிமிஷம் கழித்து இறங்குவேன்.

ஆனாலும் மறுநாளே போய்க் கேட்டேன். "ஆன்ட்டி, நீங்க படிச்சு முடிச்சப்பறம் பேப்பர் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"ஓ, ஈஸ் இட்?" என்றார் ஆன்ட்டி. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியின் மூன்றாவது படியில் பேப்பர் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எனக்கு மதிய ஷிஃப்ட். பதினொரு மணி வரை உட்கார்ந்து, தெரியாத வார்த்தை இருக்கும் வரியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, போனில் அர்த்தம் பார்த்துப் பக்கத்தில் தமிழில் எழுதுவேன்.

மூன்றாவது வாரம்தான் அதைக் கவனித்தேன். 'டெட்ரிமென்டல்' என்ற வார்த்தையைக் கத்தரிக்கப் போனால், அதன் அடியில் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. அடுத்து 'எக்ஸாஸ்பரேட்.' அதற்கும் கோடு. நான் கத்தரிக்கப் போகும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு முன்பே யாரோ கோடு போட்டு வைத்திருந்தார்கள். சரி, தற்செயல் என்று விட்டேன். மறுநாள் ஏழு கோடு. ஏழும் எனக்குத் தெரியாத வார்த்தைகள். அதற்கு மறுநாள் பிடிவாதமாகத் தேடினேன், கோடு போடாத ஒரு தெரியாத வார்த்தை கிடைக்குமா என்று. முதல் பக்கத்தில் இருந்து தலையங்கம் வரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தெரிந்த வார்த்தை எதற்கும் கோடு இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்கு எது தெரியாது என்பது என்னைப் பெற்ற அம்மாவுக்கே தெரியாது. அந்த ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நான் மூன்று வருஷமாக அரை வினாடி தாமதமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவர் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறிய பத்து மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து எனக்குக் கைமயிர் சிலிர்த்தது.

ஆன்ட்டிக்கு இந்த வார்த்தையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, அவர் ஏன் கோடு போடப்போகிறார்? வீட்டில் வேறு ஆள் இல்லை. மகள் துபாயில் இருக்கிறாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கீழே போய், "ஆன்ட்டி, பேப்பர்ல யாரு கோடு போடறது?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கோடா? என்னா கோடு? நான் ஒண்ணும் பாக்கலயே" என்றார். பிறகு பிரம்பு நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள் கையில எப்பவும் ஒரு பென்சில் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு இது போதாதா!

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து மாடி வளைவில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் பனி. பேப்பர் போடுபவர் சைக்கிளில் வந்து கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுப் போனார். பூனை போல இறங்கி, எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. பழையபடி மடித்துப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். ஆன்ட்டி வந்து எடுத்துப் போனார். கோடு வீட்டுக்குள்தான் விழுகிறது.

எட்டு மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற சாக்கில் இறங்கி, ஹால் ஜன்னல் பக்கம் நின்றேன். உள்ளே சமையலறையில் ஆன்ட்டி ஏதோ பாட்டை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. ஹாலில் ஆள் இல்லை. அங்கிளின் பிரம்பு நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் பேப்பர் விரித்தபடி கிடந்தது. மேலே ஒரு பென்சில், பக்கத்தில் ஸ்கேல், அங்கிளின் மூக்குக்கண்ணாடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேப்பரின் ஒரு பக்கம் மெல்ல எழுந்து, யோசித்து, அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

மோட்டாரைப் போடாமலே மேலே ஓடிவந்துவிட்டேன். (ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஃபேனைப் பார்ப்பானா?)

அதற்குப் பிறகு புத்தி எந்தப் பக்கம் போகும்? அங்கிள் சும்மா கோடு போடவில்லை, எனக்கு ஏதோ சொல்லப் பார்க்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது. நோட்டில் ஒட்டிய வார்த்தைகளை வரிசையாகச் சேர்த்து வாசித்தேன். 'லேமென்ட்', புலம்பல். 'விஜில்', தூங்காமல் காத்திருத்தல். 'அன்கெம்ப்ட்', பராமரிப்பின்றிக் கிடப்பது. 'பிஸீச்', கெஞ்சிக் கேட்பது. ஒரே வாரத்தில் நான்கு வார்த்தைகள்! எனக்கு வியர்த்துவிட்டது. அங்கிள் தூங்காமல் காத்திருக்கிறார். அவருடைய கல்லறை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. என்னைக் கெஞ்சிக் கேட்கிறார். ('அன்கெம்ப்ட்' வந்தது மாநகராட்சிப் பூங்கா பற்றிய செய்தியில். 'லேமென்ட்' ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி. அதையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை. ஆவிக்குத் தேவை வார்த்தைதானே, செய்தியா?)

ஆபீஸிலும் என் போக்கு மாறியது. ஒரு நாள் மீட்டிங்கில், "த சர்வர் இஸ் லுக்கிங் ஓமினஸ்" என்றேன். (அபசகுனமாக இருக்கிறது என்று அர்த்தம்.) ஷில்பா மேடம் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு சென்னாகிதியா, நல்லாருக்கா? ரெண்டு நாள் லீவ் எடுங்க" என்றார்.

இந்த வரிசையில் பொருந்தாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். ஒரு வியாழக்கிழமை பேப்பரில், வானிலைச் செய்தியில், 'அம்ப்ரெல்லா' என்பதன் அடியில் கோடு. மற்றவை போல நேராக இல்லாமல், அவசரத்தில் இழுத்தது போலக் கோணலாக இருந்தது. குடை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அங்கிளுக்கு என் இங்கிலீஷ் மேல் இவ்வளவு இளக்காரமா என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட. இருந்தாலும் கத்தரித்து ஒட்டிவைத்தேன். சேதியில் எங்கேயும் சேராததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று நான் ஆபீஸ் கிளம்பும்போது ஆன்ட்டி மேலே வந்தார். "தம்பி, ஞாயித்துக்கெழம அங்கிளுக்கு ஒரு வருஷம் ஆவுது. வீட்டுல நினைவு ஜெபம் வெச்சிருக்கேன். பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட நீ கொஞ்சம் ஒதவி பண்ணு. வந்தவங்க எல்லாரும் எழுந்து அவரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. நீயும் இங்கிலீஷ்ல நல்லா பேசு. டெய்சி டீச்சர்லாம் வருவாங்க, நம்ம வீட்டுப் புள்ள எப்படிப் பேசுதுன்னு பாக்கட்டும்."

டெய்சி டீச்சர் எதிர் வீடு. கான்வென்ட் ஸ்கூலில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஏன் முடியாது என்று சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஆன்ட்டிக்குத் தெரிந்துபோகும். அவ்வளவுதான் காரணம்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு ஹாலில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். மாலை போட்ட அங்கிள் போட்டோ, அதற்குப் பக்கத்தில் அதே பிரம்பு நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. காலையிலிருந்து சுள்ளென்று அடித்த வெயில் திடீரென்று மங்கி, ஜன்னல் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டு, பைபிள் வாசிப்பு, பாஸ்டரின் சிறு ஜெபம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அங்கிளின் ஆபீஸ் நண்பர் அவர் நேர்மையைச் சொன்னார். டெய்சி டீச்சர் சர்ச் கட்டட நிதிக்கு அவர் அலைந்ததைச் சொன்னார். ஆன்ட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்தேன். நான் அங்கிளை உயிரோடு பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"குட் ஈவ்னிங் ஆல். ஐ ஹேவ் நெவர் சீன் ஸ்டீபன் அங்கிள். பட் எவ்ரி மார்னிங் ஹி இஸ் டாக்கிங் டு மீ" என்றேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோய்ப் புன்னகைத்தார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மனப்பாடம் செய்துவைத்த மிச்ச இங்கிலீஷ் அந்த நிமிஷத்தில் என்னைக் கைவிட்டது. தமிழில் இறங்கினேன். தமிழில் எனக்குத் தடையே கிடையாதே! பேப்பரில் விழும் கோடுகள், என் மனசுக்குள் இருக்கும் அறியாமை அவருக்கு மட்டும் தெரிவது, தானாகத் திரும்பிய பக்கம், உருண்ட பென்சில், எல்லாவற்றையும் கொட்டினேன். கையோடு கொண்டுவந்திருந்த நோட்டை உயரப் பிடித்தேன்.

"அவருக்குத் தூக்கம் இல்லீங்க. புலம்பறாரு. அவரோட கல்லறை கவனிப்பு இல்லாம கெடக்குதாம். அதைத்தான் தினமும் கோடு போட்டுக் கெஞ்சறாரு. எனக்குச் சொல்ல வேண்டிய கடமை, சொல்லிட்டேன்."

ஒரு குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்தது. இருபத்தைந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தன. பிறகு ஆன்ட்டியைப் பார்த்தன.

"ரோஸலின், கல்லறைக்குப் போறியா இல்லியா நீ?" என்றார் டெய்சி டீச்சர்.

பாஸ்டர் எழுந்தார். "செத்தவங்க இப்படித் திரும்பி வர்றது நம்ம விசுவாசத்துல கெடையாது. இந்த வீட்டுல அப்படி ஒண்ணு நடமாடுதுன்னா அது நல்ல ஆவி இல்ல. வீடு முழுக்க ஜெபம் பண்ணணும்" என்றார். பின்வரிசையில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஸ்டீபன் கடைசில கமிட்டி மீட்டிங்குக்கே வர்றதில்ல, மனசுல என்னா இருந்துச்சோ" என்றார். "மூஞ்சியே ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அரை மணி நேரம் முன்பு வரை உத்தமராக இருந்த மனிதர், நான் பேசி முடித்த இரண்டு நிமிஷத்தில் கெட்ட ஆவியாகிவிட்டார். வெளியே இடி இடித்தது.

ஆன்ட்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது நான் அதுவரை கேட்டிராத ஒரு தமிழ்.

"நிறுத்துங்க. அவரு ஒண்ணும் சுத்திகினு இல்ல. கோடு போட்டது நான்தான்."

பாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கே.ஜி.எஃப்.ல தமிழ் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சவ. எங்கப்பா சுரங்கத்துல வேலை செஞ்சாரு. எனக்கு இங்கிலீஷ் வராது. கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வந்தப்போ எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுனீங்க. எனக்கு வாயத் தொறக்கவே பயம். அவருதான் தெனம் காலையில பேப்பர்ல எனக்குத் தெரியாத வார்த்தைக்குக் கோடு போட்டு, ஓரத்துல தமிழ்ல அர்த்தம் எழுதி வெப்பாரு. நாப்பது வருஷம். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப அவரு இல்ல. நானே அவரு கண்ணாடியப் போட்டுக்கினு, டிக்‌ஷனரிய வெச்சுக்கினு கோடு போட்டுக்கறேன். கல்லறைக்கு வாரா வாரம் போறேன். இன்னைக்குக் காலையிலகூட புல்லப் புடுங்கிட்டு பூ வெச்சிட்டுதான் வந்தேன்." அங்கிளின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னை என்னா வேணா சொல்லுங்க. அவரப் பேய்னு சொல்லாதீங்க."

எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. நான் எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டேனோ அதையேதான் அவரும் மறைத்துக்கொண்டிருந்தார். நான் மூன்று வருஷம், அவர் நாற்பது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத வார்த்தைகள் ஒன்றாக இருந்ததில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. என் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் அவருடையதை நான் சபையில் அவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

டெய்சி டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரோஸலின், நாப்பது வருஷமா உங்கிட்ட பேசறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு வருவேன். நீ 'ஈஸ் இட்'னு சொல்லி நிறுத்திக்குவியா, எங்கிட்ட ஏதோ தப்பு கண்டுபிடிச்சிட்டியோன்னு அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்காது" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி மட்டும் சிரிக்காமல் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ்டர் அவசரமாக ஜெபத்தை முடித்தார். சமோசாத் தட்டுகள் வந்தன.

நான் நைசாகக் கழன்றுகொண்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்தால் நனைகிறோம், முனை பேக்கரிக்குப் போய் நின்றுகொள்வோம், நாளைக்கே வேறு வீடு பார்த்துவிடுவோம் என்று வாசற்படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து, "தம்பி" என்று குரல் கேட்டது.

ஆன்ட்டி. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணியில் ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த அங்கிளின் கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார்.

"நனையாத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேக்கரியில் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதேன். (அழவில்லை, சாரல் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.)

அதன் பிறகு மூன்று வாரம் மூன்றாவது படியில் பேப்பர் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் கதவு திறக்காது. நான்காவது வாரம் ஒரு காலையில் பேப்பர் இருந்தது. 'கிளிக்பெய்ட்' என்பதற்கு நேராக ஒரு கோடு. ஓரத்தில் பென்சிலில், 'தம்பி, இது என் டிக்‌ஷனரியில் இல்லை. என்ன அர்த்தம்?' போனில் பார்த்து, 'ஆளை இழுக்கப் போடும் தலைப்பு' என்று தமிழில் எழுதிப் பேப்பரை அதே படியில் வைத்தேன். அடுத்த வாரம் ஷில்பா மேடமிடம் போய், எனக்கு நிறைய வார்த்தை தெரியாது, தெரிந்ததை வைத்துக் கிளையன்டிடம் பேசுகிறேன் என்று சொன்னேன். "இத சொல்லோக்கே மூணு வருஷமா?" என்றார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ஹொரமாவில் எனக்குச் சொந்த வீடு, மனைவி கவிதா, ஐந்து வயதில் ஒரு மகள். வீட்டில் சாவியைக் காணோம் என்றாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, "ஏன், அங்கிள் கோடு போடலியா?" என்பாள் கவிதா. மாதம் ஒரு ஞாயிறு ஆன்ட்டி சாப்பிட வருவார். அவர் வந்தால் கதை கண்டிப்பாக ஒரு தரம் அரங்கேறும். கவிதா என்னைப் போலவே நோட்டை உயரப் பிடித்து, "அவருக்குத் தூக்கம் இல்லீங்க" என்று நடித்துக் காட்டுவாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது ஆன்ட்டிதான்.

போன மாதம் கவிதா எங்கிருந்தோ அந்தப் பழைய நோட்டையே தேடி எடுத்துவந்துவிட்டாள். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இது நான் போட்டது. இதுவும் நான்தான். ஐயோ, இந்த வார்த்த கூடவா அப்பத் தெரியாது நமக்கு!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது நீ போட்டதா தம்பி?"

எட்டிப் பார்த்தேன். 'அம்ப்ரெல்லா.'

"இல்லீங்க ஆன்ட்டி, நீங்க போட்டதுதான். அந்த வியாழக்கிழமை."

"நான் எதுக்குப் போடறேன்? கொடைன்னு எனக்குத் தெரியாதா?"

கவிதா சிரித்தாள். நானும் சிரித்தேன், வழக்கம் போல அரை வினாடி கழித்து. ஆன்ட்டி சிரிக்கவில்லை. நோட்டை வெளிச்சத்தில் சாய்த்து, அந்தக் கோணல் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நான் எப்பவும் ஸ்கேல் வெச்சுதான் போடுவேன்" என்றார். "அவருக்குதான் அந்தப் பழக்கமே கெடையாது."

பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "மோர் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

அந்தக் குடை இப்போது எங்கள் வீட்டு வாசல் பக்கம் ஆணியில் தொங்குகிறது. காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது வானிலைச் செய்தியைத்தான். இன்று எங்கேயும் ஒரு கோடும் இல்லை, வெளியே நல்ல வெயில். இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டுதான் ஆபீஸ் போனேன்.